எத்தனை பேர் என்பதோடு எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

குறைந்தபட்சக் கூலி உயரும்போதெல்லாம் 'எத்தனை பேருக்கு வேலை போகும்?' என்ற கேள்விதான் செய்தியாகிறது. ஆள் கணக்கை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. கூலி ஏறியதும் முதலாளிகள் பெரும்பாலும் முதலில் குறைப்பது வேலை நேரத்தை. எட்டு மணி ஆறாகும். ஓவர்டைம் நிற்கும். விலகிப் போனவரின் இடம் காலியாகவே கிடக்கும். பீஸ் ரேட் வேலையானால், அதே கூலிக்கு முடித்துத் தர வேண்டிய எண்ணிக்கை கூடும். இவற்றில் எதுவும் வேலை இழந்தோர் பட்டியலில் ஏறாது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016 ஜனவரியில் மணிக்கூலியை அதிகபட்சம் 13 டாலர்வரை உயர்த்தியது. குறைந்த ஊதிய வேலைகளில் மணிக்கூலி சுமார் 3 விழுக்காடு ஏறி, வேலை நேரம் சுமார் 9 விழுக்காடு இறங்கியதாக வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2017இல் கணக்கிட்டது. உயர்வை எதிர்ப்பவர்கள் இன்றும் இதைத்தான் காட்டுகிறார்கள். பல கிளைகள் கொண்ட நிறுவனங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை என்பதைச் சொல்வதில்லை. அதே குழு 2018இல் தனித்தனி ஊழியர்களைப் பின்தொடர்ந்தபோது படம் மாறியது. ஏற்கெனவே வேலையில் இருந்த அனுபவசாலிகளுக்கு லாபம். புதிதாக உள்ளே வருவோர் குறைவு. வாசலில் நிற்பவர் இழப்பதை 'ஆட்குறைப்பு' என்று யாரும் எழுதுவதில்லை.

எதிர்ப்பக்கச் சான்றும் பழையதே. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி 4.25 டாலரை 5.05 ஆக்கியது, பக்கத்து பென்சில்வேனியா மாற்றவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரு பக்கத்துத் துரித உணவகங்களையும் ஒப்பிட்டு, வேலை குறைந்ததற்குத் தடயம் இல்லை என்றார்கள். சம்பளப் பதிவேடுகளை வைத்து வேறு இரு பொருளியலாளர்கள், நியூமார்க்கும் வாஷரும், மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

கூலி ஏறியும் வேலை குறையாமல் இருப்பது எப்படி? ஒரு கணக்கு. பத்துப் பேருக்கு நாளுக்கு 100 வீதம் கொடுக்கும் முதலாளிக்குப் பதினோராவது ஆள் 110க்குத்தான் வருவார். அவருக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லோருக்கும் 110 என்றால் மொத்தச் சம்பளம் 1,000இலிருந்து 1,210. புதிய ஆளால் கூடும் செலவு 210. அவர் ஈட்டித் தருவது 150 என்றால் எடுக்க மாட்டார். சட்டமே 110 என்று வைத்துவிட்டால் அந்த ஆளின் செலவு வெறும் 110; எடுப்பது லாபம். ஆள் தேடும் நிறுவனங்கள் சிலவே இருக்கும் இடங்களில்தான் இது பலிக்கும். கூலியை 160 ஆக்கினால் எங்கும் பலிக்காது.

அடுத்தது விலை. மொத்தச் செலவில் சம்பளம் 30 விழுக்காடு, அதில் பாதி குறைந்தபட்சக் கூலிக்காரர்களுடையது என்று வைத்துக்கொள்வோம். கூலி 10 விழுக்காடு ஏறினால் செலவு ஏறுவது 1.5 விழுக்காடுதான். உணவகம் இதை விலையில் ஏற்றிவிடும். ஏற்றுமதி ஆலையால் முடியாது. அதன் விலையை வேறு யாரோ வைக்கிறார்கள். ஹங்கேரி 2001இல் மாதக் கூலியை 25,500 ஃபோரிண்டிலிருந்து 40,000 ஆகவும், மறு ஆண்டு 50,000 ஆகவும் உயர்த்தியது. அந்தச் சுமையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வாடிக்கையாளர்களும் கால் பங்கை உரிமையாளர்களும் ஏற்றார்கள் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. மொத்த வேலை இழப்பு சிறிது; வெளிநாட்டுப் போட்டி உள்ள துறைகளில் அதிகம். எல்லாத் துறைக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வேலையின் வகை மாறுவதும் இழப்பாகத் தெரியும். ஜெர்மனி 2015இல் மணிக்கு 8.50 யூரோ என்று சட்டம் கொண்டுவந்தது. முழுக் காப்பீடு இல்லாத 'மினி ஜாப்' எனும் சிறுவேலைக்கு அப்போது மாத வருமான உச்சவரம்பு 450 யூரோ. புதிய கூலியில் மாதம் 53 மணி நேரம் வேலை பார்த்தாலே வரம்பு தாண்டிவிடும். சிறுவேலைகள் குறைந்தன, அவற்றில் ஒரு பகுதி காப்பீடுள்ள முறையான வேலையாயிற்று. சிறுவேலையை மட்டும் எண்ணியவருக்கு அது பேரிழப்பு.

ஆகவே உயர்வுச் செய்தியோடு சில எண்களையும் அச்சிடுங்கள். ஊழியர்களைக் கூலி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவதில் புதிய கூலி எத்தனை விழுக்காடு? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 நெறிமுறை 60 விழுக்காட்டை ஓர் அளவுகோலாகச் சொல்கிறது. ஊதியம் மலிவான ஊரில் அதே தொகை 80ஐத் தொடலாம்; அங்கே கவலை நியாயமானது. மொத்த வேலை நேரமும் புதிய நியமனங்களும் முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடப்பட வேண்டும். பண்டிகைக் காலத்தைச் சாதாரண மாதத்தோடு ஒப்பிட்டால் எதையும் நிரூபித்துவிடலாம். கடைசியாக, சட்டக் கூலி உண்மையில் கைக்கு வந்ததா என்பது. தொழிலாளர் துறை ஆய்வாளர் எட்டிப் பார்க்காத இடத்தில் 'ஒருவருக்கும் வேலை போகவில்லை' என்றால், அங்கே பழைய கூலியே தொடர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஊதியக் கணக்குப் பார்க்கும் வாசகர்கள் சிலர்