ஊற்று ஒன்று, மோட்டார் இரண்டு

மதுரை
ஜூன் 8

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. முட்டி ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் நாற்காலியில் உட்கார முடிகிறது. நடக்கச் சொல்கிறார்கள், நடக்கிறேன். வலியைப் பற்றி எழுதினால் நீ சிரிப்பாய், விடு.

படுத்திருந்த நாளெல்லாம் உன் கோத்தகிரி சங்கதிதான் மனசில் ஓடியது. பக்கத்து விடுதிக்காரர் உங்கள் இருவருக்கும் பொதுவான ஊற்றில் பெரிய மோட்டார் வைத்துவிட்டார், நானும் வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் கணக்கு நடத்தியவனிடம் கேட்டால் வேறென்ன வரும்? நாலு கட்டம் போட்டேன். இருவரும் அளவாக எடுத்தால் சீசன் முழுக்க இரண்டு வீட்டிலும் தண்ணீர். அவர் மட்டும் உறிஞ்சினால் நீ லாரித் தண்ணீருக்கு அலைவாய். நீ மட்டும் உறிஞ்சினால் அவர் அலைவார். இருவரும் உறிஞ்சினால் மே பாதியில் ஊற்று சேறாகிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், அவர் எதைச் செய்தாலும் உனக்கு மோட்டார் வைப்பதுதான் லாபம். அவருக்கும் அப்படியே. ஆளாளுக்குப் புத்தியோடு நடந்து, கடைசியில் சேற்றில் நிற்பீர்கள். 1950-இல் கணித அறிஞர் ஜான் நாஷ் எழுதிய சமநிலைக்கு, அதாவது தனியாக மாறி யாருக்கும் லாபமில்லாத நிலைக்கு, இதைவிட நல்ல உதாரணம் வகுப்பில்கூட எனக்குக் கிடைத்ததில்லை. கெட்டவன் ஒருவன்கூடத் தேவையில்லை, பார்.

ஆனால் இந்தக் கட்டம் ஒரே தடவை ஆடும் ஆட்டத்துக்கு. நீங்கள் இருவரும் தினமும் ஒரே டீக்கடையில் முகம் பார்க்கிறவர்கள். ராபர்ட் ஆக்செல்ராட் என்பவர் பலரிடம் கணினி நிரல்கள் வாங்கி இந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடவிட்டார். ஜெயித்தது இருப்பதிலேயே எளிய நிரல்: முதலில் ஒத்துப் போ, அப்புறம் எதிராளி செய்ததையே நீயும் செய். நம் பாட்டிகளுக்குத் தெரியாததா என்ன!

சிக்கல் டூரிஸ்ட்தான். அவன் ஒரே தடவை ஆடிவிட்டு மலையிறங்கிவிடுகிறான். நாளைக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவனிடம் போர்டு வைத்துக் கெஞ்சிப் பயனில்லை, கணக்கை மாற்ற வேண்டும். 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஆரம்பித்தார்களே, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவது, அது எனக்கு மிகவும் பிடித்தது. யானைக் காலில் கண்ணாடி குத்தும் என்று சொன்னால் கேட்காதவன் பத்து ரூபாய்க்குக் கேட்கிறான். அவன் எறிந்தாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

மலையேறும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் விஷயத்தில் நீ கோபமாக இருக்கிறாய். 2024 மே மாதம் அது வந்தபோது வெறும் எண்ணிக்கைதான். 2025 மார்ச்சில்தான் உயர் நீதிமன்றம் ஏப்ரலில் தொடங்கும் சீசனுக்கு வாரநாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று கட்டியது. உன் அறைகள் காலியானதற்கு வருத்தம்தான். ஆனால் நீங்களாக உங்களுக்குள் ஒரு எல்லை போட்டிருப்பீர்களா, சொல். இருந்தாலும் பாஸ் வண்டியைத்தான் எண்ணுகிறது. வந்தவர் எத்தனை வாளி ஊற்றிக் குளிக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. அது உங்கள் பாடு.

அதற்குத்தான் எலினார் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளாதார நோபல் வாங்கினார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அவருடைய முனைவர் ஆய்வே நிலத்தடி நீரைப் பற்றியது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஆளாளுக்கு உறிஞ்சி, கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. பேசி, கோர்ட்டுக்கும் போய், கடைசியில் குறைத்து எடுக்க ஒப்புக்கொண்டார்கள். யார் எவ்வளவு எடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்படி செய்ததுதான் அதில் சூட்சுமம்.

அதனால் மோட்டார் வாங்காதே. இரண்டு தண்ணீர் மீட்டர் வாங்கு. அவர் குழாயில் ஒன்று, உன் குழாயில் ஒன்று. இரண்டையும் இருவரும் பார்க்கிற இடத்தில் வை. அவர் மீட்டருக்கும் நீயே காசு கொடு, முதல் ஆட்டம் உன்னுடையதாக இருக்கட்டும். மாட்டேன் என்றால் அப்புறம் மோட்டாரைப் பற்றிப் பேசலாம்.

அவர் என்ன சொன்னார் என்று எழுது. யாராவது கீழே வந்தால் ஒரு கிலோ வர்க்கி கொடுத்தனுப்பு. டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

உன்,
ராமு