எட்டடிக் கடைகளுக்கும் இடம் ஒதுக்குங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் 22 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கையும் பாவாடையும் தைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். துணிக்கடைகளைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு மேட்சிங் சென்டர், அதாவது புடவை நிறத்துக்கேற்ற ரவிக்கைத் துணி விற்கும் கடை இருந்தது. எட்டடி அகலம்தான். சுவர் முழுக்க டூ பை டூ எனும் ரவிக்கைத் துணியின் தான்கள், அதாவது துணிச் சுருள்கள். பச்சையில் மட்டும் இருபது முப்பது பச்சை அடுக்கியிருக்கும். புடவையைக் கொடுத்தால் கடைக்காரர் டியூப்லைட்டை நம்பமாட்டார். புடவையையும் தானையும் தூக்கிக்கொண்டு வாசல்படிக்கு வந்து, வெயிலில் இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்ப்பார். "சேராதும்மா, ஒரு ஷேட் கம்மி. செவ்வாய்க்கிழமை வாங்க" என்பார். செவ்வாய்க்கிழமை மொத்தத் துணி வியாபாரம் நடக்கும் கோடவுன் தெருவிலிருந்து சரியான துணி வந்திருக்கும். வெறும் 80 சென்டிமீட்டர் துணிக்காக இவ்வளவு மெனக்கெடுவார்.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். புதிதாக எழுந்த நாலு மாடியும் ஒரே நிறுவனத்துக்கு வாடகைக்குப் போனது. கட்டட உரிமையாளரைக் குறை சொல்லமாட்டேன்; ஒரே கையெழுத்தில் மொத்த இடமும் போவது அவருக்கு நிம்மதி. ஆனால் எட்டடிக்காரர் அந்த அட்வான்ஸுக்கு எங்கே போவார்?

இப்போது என்னிடம் வருவதில் பாதி ரெடிமேட் ஆல்டரேஷன். போன மாதம் ஒரே நாளில் மூன்று கடைகளில் வாங்கிய மூன்று குர்த்திகள் வந்தன. பக்கத் தையலைப் பிரித்தால் ஒரே துணி, ஒரே ஓவர்லாக் ஓரத்தையல். லேபிள் மட்டும்தான் வேறு. கடைத்தெருவில் பலகைகளை எண்ணிப் பார்த்து நிறைய கடை இருப்பதாக நினைக்கக் கூடாது. லூயி பிலிப், வான் ஹூசன், ஆலன் சாலி, பீட்டர் இங்கிலாந்து எல்லாமே ஆதித்ய பிர்லா குழுமம்தான். பிறகு பேண்டலூன்ஸும் அவர்கள் கைக்கு வந்தது. வெஸ்ட்சைடும் ஜூடியோவும் டாடாவின் ட்ரென்ட். சட்டப்படி நடப்பதுதான். ஆனால் எதை விற்பது என்று முடிவெடுக்கும் ஆட்கள் குறைந்துபோனார்கள்.

சீக்கிரம் விற்காத சரக்கைப் பெரிய கடை வைத்துக்கொள்ளாது. சின்னக் கடை வைக்கும். நாடா வைத்த பருத்தி உள்பாவாடை, குள்ளமான அம்மாக்களுக்கேற்ற உயரத்தில், முன்பெல்லாம் எந்தத் தெருவிலும் கிடைத்தது. 78 வயது வாடிக்கையாளர் ஒருவர் அதைத் தேடி தி.நகர் முழுக்க அலைந்துவிட்டு, கால் வீங்கி என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். கடைசியில் வேட்டித் துணி வாங்கி நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

2013இல் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளுக்கு மாநகராட்சியே வளாகம் கட்டிக் கடை ஒதுக்கியது. அந்த மனசு இதற்கும் வேண்டும். மாநகராட்சி வணிக வளாகங்களில் ஒரு பகுதியை நூறு, நூற்றைம்பது சதுர அடிக் கடைகளாகப் பிரித்து, சொந்தமாகத் துணி வியாபாரம் செய்பவர்களுக்கென ஒதுக்குங்கள். டெண்டரில் ஒரே ஆள் பல கடைகளை எடுக்க விடாதீர்கள். வாடகை அந்த வியாபாரம் தாங்குகிற அளவில் இருக்கட்டும்.

மேட்சிங் சென்டர்காரர் இப்போது வேளச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். இடம் கிடைத்தால் வருவீர்களா என்று போன வாரம் போனில் கேட்டேன். தான்களை இன்னும் விற்கவில்லை, பரணில்தான் இருக்கிறது என்றார்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலம் தையல்காரி