டேங்கைப் பார்த்து கம்ப்ரசர் வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டுப் பட்டறைக்கான கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில், காற்றை அழுத்திச் சேமித்துக் கருவிகளுக்குத் தரும் ஏர் கம்ப்ரசரை வாங்குவோர் டேங்கின் கொள்ளளவையும் மோட்டாரின் எச்.பி.யையும் பார்த்தால் போதும் என்று கூறப்பட்டிருந்தது. அந்த இரண்டை மட்டுமே பார்த்து வாங்கிப் பிறகு வருந்தியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது 50 லிட்டர் டேங்க் கொண்டது. பலகையைத் தேய்க்கக் காற்றில் ஓடும் சாண்டரைப் பொருத்தியபோது, அரை நிமிடத்துக்குள் மோட்டார் ஓடத் தொடங்கி, அதன்பின் நிற்கவே இல்லை. கால் மணி நேரத்தில் பிஸ்டன் தலைப்பகுதியின் அருகே கையைக் கொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடேறியது. சாண்டரோ பாதி வேகத்தில் முனகிக்கொண்டிருந்தது.

காரணம் எளிய கணக்குதான். டேங்கின் அழுத்தம் 8 பாரை எட்டியதும் மோட்டார் நின்று, 6 பாருக்கு இறங்கியதும் மீண்டும் ஓடும்படி அமைந்த கம்ப்ரசரில், அந்த 2 பார் இறக்கத்துக்குள் 50 லிட்டர் டேங்க் தருவது ஏறத்தாழ 100 லிட்டர் சாதாரணக் காற்று. நிமிடத்துக்கு 10 கன அடி, அதாவது சுமார் 280 லிட்டர் கேட்கும் சாண்டருக்கு அது இருபது நொடிக்குத்தான் வரும். டேங்க் வெறும் சேமிப்புக் குடம்; ஊற்று எவ்வளவு சுரக்கிறது என்பதே கேள்வி.

எனவே கருவிகளின் காற்றுத் தேவையை முதலில் குறித்துக்கொண்டு, அதைவிடக் கால் பங்காவது கூடுதலாகத் தரும் கம்ப்ரசரைத் தேட வேண்டும். இங்கும் ஒரு சூட்சுமம் உண்டு: விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று என்ற அளவு) பெரும்பாலும் பிஸ்டனின் அசைவை வைத்துப் போட்ட கணக்கே தவிர, குழாய் வழியாக நம் கைக்கு வரும் காற்றின் அளவு அன்று. 6 பார் அழுத்தத்தில் உண்மையில் வெளிவரும் அளவு எவ்வளவு என்று கேட்டால் விற்பவர் தடுமாறக்கூடும். விடாமல் கேட்க வேண்டும். ஆணி அடிக்கவும் டயருக்குக் காற்றடிக்கவும் மட்டும் என்றால் இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை, சிறியதே போதும். எண்ணெய் இல்லாத வகை பராமரிக்க எளிது. ஆனால் பெரும்பாலும் இரைச்சல் அதிகம்.

இன்னொன்று, கடையிலேயே குனிந்து டேங்கின் அடிப்பகுதியைப் பாருங்கள். காற்றிலுள்ள ஈரம் அங்கேதான் நீராகத் தேங்கும். என் கம்ப்ரசரில் வடிகால் திருகு டேங்குக்கும் தரைக்கும் இடையே விரல் நுழையாத இடுக்கில் இருந்ததால், பல வாரங்கள் திறக்காமலே விட்டுவிட்டேன். ஒருநாள் சாய்த்துத் திறந்தபோது தேநீர் நிறத்தில் துருநீர் வழிந்தது. அழுத்தம் தாங்க வேண்டிய இரும்பு உள்ளிருந்து கரைவதை வெளிப்பூச்சு காட்டாது. ஆகவே, எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் வடிகால் வால்வு உள்ளதையே இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்