மேல் மணல் காய்ந்திருக்கிறதா? தண்ணீர் ஊற்றும் முன் படியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். துறவி நண்டு (hermit crab, காலிச் சங்குக்குள் வாழும் நண்டு) வாங்கிப் போனவர்கள் எங்களிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "தொட்டியில் மேல் மணல் காய்ந்து கிடக்கிறதே, தினமும் தண்ணீர் தெளிக்கலாமா?" வேண்டாம்.

மேலே ஒரு விரற்கடை காய்ந்தால் கெடுதல் இல்லை. பார்க்க வேண்டியது அடியை. தெளிக்கும் தண்ணீர் மெல்ல இறங்கி அடியில் போய்த் தேங்கும். கண்ணாடித் தொட்டிக்கு வடிகால் ஏது? எங்கள் கடைத் தொட்டி ஒன்றிலேயே இந்தத் தவறைச் செய்தோம். மேலே மணல் பொலபொலவென்று இருந்தது. ஒருநாள் குனிந்து பார்த்தால், அடிக்கண்ணாடி ஓரமாகக் கறுப்பாய் ஒரு பட்டை. கிளறியதும் அழுகிய முட்டை வாடை. காற்றுப் புகாத ஈரத்தில் பாக்டீரியா பெருகியிருந்தது. நல்லவேளை, உள்ளே நண்டு எதுவும் புதைந்திருக்கவில்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், நண்டு தோல் உரிக்கப் போவது அந்த அடிமணலுக்குள்தான். சில வாரம், பெரிய நண்டானால் சில மாதம்கூட அங்கேயே இருக்கும். ஒரு குழி செய்துகொண்டு, உரித்த தோலைத் தின்று, புதுத்தோல் இறுகும்வரை கிடக்கும். குழியில் தண்ணீர் நின்றால், மெத்தென்ற அந்த உடம்போடு அதனால் தப்பிக்க முடியாது. மணல் உலர்ந்துபோனாலோ குழி சரிந்துவிடும்.

அதனால் முதல் நாளே பதம் சரியாக இருக்கட்டும். 5 பங்கு மணல், 1 பங்கு தேங்காய் நார்த்தூள். குளோரின் நீக்கிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தால், விரல் தடம் பதிந்தபடி உருண்டை நிற்க வேண்டும். அதில் ஒரு விரலைக் குத்தி எடுத்தால் துளை மூடாமல் இருக்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால், இன்னும் மணல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழம் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெரிய நண்டு இருந்தால் அதன் உயரத்தைப்போல் 3 மடங்கு.

அப்புறம், காற்றின் ஈரம். நிலத்தில் வாழ்ந்தாலும் இந்த நண்டு செவுளால்தான் மூச்சு விடுகிறது. செவுள் உலரக் கூடாது. ஈரப்பதமானி 75 முதல் 85 சதவீதம் வரை காட்டினால் போதும். குறைந்தால் மணலை நனைக்காதீர்கள், மூடியில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். சூடேற்றும் பட்டையைத் தொட்டிக்கு அடியில் வைக்காமல், மணல் மட்டத்துக்கு மேலே பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டுங்கள். அடியில் இருந்தால் மணலைக் காயவைத்துவிடும். கண்ணாடியில் தண்ணீர் வழிந்து ஓடினால், மூடியைச் சற்று நேரம் திறந்து வையுங்கள்.

நண்டு புதைந்திருக்கும்போது அடியில் தண்ணீர் தெரிந்தால், நீங்களாகத் தோண்டாதீர்கள். தொட்டியின் நான்கு பக்கத்தையும், அடியையும் படம் எடுத்து உடனே அனுப்புங்கள். எந்தப் பக்கமாகத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
கடையிலிருந்து