ஓரக்குறிப்புகளைத் திருப்பித் தாருங்கள்: மின்னூல் செயலி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

ஆண்டுச் சந்தா கட்டி நாங்கள் நூல்கள் வாசித்துவரும் செயலியின் நிர்வாகத்தினருக்கு, வணக்கம்.

கடந்த மாதம் உங்கள் செயலியின் புதிய பதிப்பு என் கைப்பேசியில் தானாகவே ஏறிக்கொண்டது. மறுநாள் காலை திறந்து பார்த்தபோது நண்பர்கள் பட்டியலும், நூலின் ஓரத்தில் நாங்கள் எழுதி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்ட குறிப்புகளும், சேர்ந்து வாசிப்பதற்கான குழுப் பகுதியும் ஒருசேரக் காணாமற்போயிருந்தன. 'வாசிப்பில் கவனம் சிதறாதிருக்கச் செயலியை எளிமையாக்கியுள்ளோம்' என்ற ஒற்றை வரி மட்டும் திரையில் வந்து போயிற்று. பதினொரு நாள்களுக்கு முன்பே மின்னஞ்சலில் அறிவித்துவிட்டதாக உங்கள் உதவிப் பிரிவு பிறகு சொன்னது. தேடினேன்; இருந்தது உண்மைதான், தீபாவளித் தள்ளுபடி விளம்பரத்தின் அடியில், நான்காவது பத்தியாக.

உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பெயரைக் கெடுப்பது என் நோக்கமன்று. எங்கள் எழுத்தைத் திரும்பப் பெறுவதே நோக்கம்.

2021-இல், பள்ளிகள் மூடிக்கிடந்த நாள்களில், மதுரையை அடுத்த ஒத்தக்கடையைச் சுற்றி வசிக்கும் ஆசிரியர்கள் நால்வர் உங்கள் செயலியில் ஒரு வாசிப்புக் குழுவைத் தொடங்கினோம். அது 23 பேராக வளர்ந்தது. மேலூர்ப் பக்கத்து நெல் விவசாயி ஒருவர், இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வாசிக்கும் செவிலியர் ஒருவர், செல்லூர் நெசவாளர் ஒருவர், ஷார்ஜாவில் வேலை பார்க்கும் திருமங்கலத்துக்காரர் ஒருவர் என்று, நேரில் ஒரே திண்ணையில் உட்கார வாய்ப்பே இல்லாதவர்கள் ஒரே பக்கத்தின் ஓரத்தில் சந்தித்துக்கொண்டோம்.

அங்கே என்ன நடந்தது என்பதை உங்கள் கணக்கேடுகள் சொல்லியிருக்காது என்பதால் ஓர் உதாரணம் தருகிறேன். கண்மாய்க் கரை ஊர் ஒன்றைப் பற்றிய நாவலை வாசிக்கையில் 'கலுங்கு' என்ற சொல் வந்தது. நகரத்தில் வளர்ந்த செவிலியர் அதைத் தொட்டுப் பார்க்க, செயலியின் அகராதி 'மதகு' என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. அன்றிரவே மேலூர் விவசாயி ஓரத்தில் எழுதினார்: மடை என்பது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வழி, கலுங்கு என்பது கண்மாய் நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்தோடுவதற்காகக் கல்லால் கட்டியது, அப்படி வழிவதைத்தான் 'மறுகால் பாய்கிறது' என்கிறோம். இன்னொரு பக்கத்தில் 'ஒருபோகம்', அதாவது ஆண்டுக்கு ஒரே விளைச்சல், என்ற சொல்லுக்கு அவர் எழுதிய குறிப்பு அரைப் பக்கம் நீண்டது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம் என்ற பெரியாற்றுப் பாசனக் கணக்கையும், தண்ணீர் திறக்கும் தேதிக்காகக் கடைமடைக்காரர்கள் எப்படிக் காத்திருப்பார்கள் என்பதையும் அவர் விரித்திருந்தார். நாவலாசிரியர் ஒரு வரியில் கடந்துபோன இடம் அது. அந்தக் குறிப்பைப் படித்த பிறகே அடுத்த அத்தியாயத்தின் தகராறு எங்களுக்கு விளங்கியது.

இப்படி நான்கு ஆண்டுகளில் சேர்ந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கவும் இப்போது வழியில்லை.

'வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளலாமே' என்று உங்கள் உதவிப் பிரிவு ஊழியர் பணிவோடு யோசனை சொன்னார். அவர்மேல் குறையில்லை. ஆனால் ஓரக்குறிப்பு என்பது குறிப்பிட்ட வரியோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் புதிய வாசகருக்காகவும் அங்கேயே காத்திருப்பது. வாட்ஸ்அப்பில் இட்டது மறுநாள் 'காலை வணக்கம்' ரோஜாப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

உங்கள் தரப்பு நியாயத்தையும் நான் அறியாதவனல்லன். பயனர்கள் எழுதுவதற்கு இடம் கொடுத்தால், 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும், புகார் வந்த 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், குறித்த நாள்களுக்குள் தீர்வு காண வேண்டும். வசையையும் விளம்பரக் குப்பையையும் களைய ஆள் வேண்டும்; அதற்குச் செலவாகும். இதையெல்லாம் சொல்லியிருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்கும். 'கவனம் சிதறாதிருக்க' என்று எங்கள் நன்மைக்காகவே செய்ததுபோல் எழுதியதுதான் உறுத்துகிறது.

மிகச் சிலரே அந்த வசதியைப் பயன்படுத்தினார்கள் என்பது நீங்கள் சொன்ன இன்னொரு காரணம். இருக்கலாம். ஆனால் எங்கள் 23 பேரில் 19 பேர் சந்தா கட்டியதே குழுவில் சேர்வதற்காகத்தான் என்பது எந்தப் பட்டியலில் வரும்? பல இணையதளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் வாசிக்க உதவிய கூகுள் ரீடர், 2011 அக்டோபர் இறுதியில் தன் பகிர்தல் வசதிகளை நீக்கிவிட்டுப் பயனர்களைக் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தின் பக்கம் போகச் சொன்னது. பிறகு, பயன்பாடு குறைந்துவிட்டதென்று கூறி 2013 ஜூலை 1 அன்று ரீடரையே மூடினார்கள். போகச் சொன்ன கூகுள் பிளஸும் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு இல்லாமற்போயிற்று. பகிர்தல் போனதால்தான் ரீடர் போயிற்று என்று நான் அறுதியிட மாட்டேன். ஆயினும் அந்த வரிசையை நீங்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

மூடுவதிலும் ஒரு முறை உண்டு. கூகுளின் இன்னொரு சமூக வலைத்தளமான ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டபோது, மூன்று மாதம் முன்பே அறிவித்து, பயனர்கள் தங்கள் படங்களையும் பதிவுகளையும் பதிவிறக்கிக்கொள்ள மேலும் இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள்.

எங்கள் ஊரிலேயே ஒன்று பார்த்தோம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் இருந்தார்கள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடமிடுவோருக்கான உடைகள் அங்கேதான் தைக்கப்பட்டன. பழமையான மண்டபத்தைக் காக்க வேண்டுமென்று கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் வியாபாரிகளுக்கு மனக்குறை இல்லாமலில்லை. என்றாலும் தையற்காரர் தம் இயந்திரத்தையும், வாடிக்கையாளர்களின் அளவு எழுதிய நோட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனார். எங்களுக்கு அந்த நோட்டை எடுக்கவும் நேரம் தரப்படவில்லை.

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய எந்தத் தரவுகள் கையாளப்படுகின்றன என்ற சுருக்கத்தைக் கேட்கும் உரிமைக்கு வகைசெய்கிறது. தான் அளித்த தரவுகளை வேறிடம் கொண்டுபோகும் வடிவில் பெறும் உரிமை, ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இருப்பதுபோல, அதில் இல்லை. ஆகவே சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்டும் நிலையில் நாங்கள் இல்லை. ஆனால் 'பயனர் எழுதுவது பயனருக்கே உரியது' என்று உங்கள் விதிமுறைகளிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை நம்பித்தான் எழுதினோம்.

அழிக்கப்பட்டதா, மறைக்கப்பட்டதா என்பதை முதலில் தெளிவாகச் சொல்லுங்கள். சேமிப்பில் இன்னும் இருக்குமானால், எங்கள் குறிப்புகளை நூற்பெயரும் அத்தியாயமும் அந்தந்த வரியும் சேர்த்து, கைப்பேசியில் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்பாகத் தாருங்கள். பதிவிறக்க ஆறு மாத அவகாசமாவது வேண்டும், ஏனெனில் எங்களில் மூவர் செயலியை மாதக்கணக்கில் திறக்காமல் இருந்துவிட்டு அறுவடை முடிந்து திரும்புகிறவர்கள். பொதுவில் எவரும் எழுதும் வசதியைத் திரும்பக் கேட்கவில்லை. ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுக்களுக்குள் மட்டும் ஓரக்குறிப்பைத் திரும்ப அனுமதித்தால் வசையும் குப்பையும் பெருமளவு வராது. அதற்காகச் சந்தா சற்றுக் கூடினாலும் கொடுக்க எங்களில் பெரும்பாலோர் ஆயத்தமாக இருக்கிறோம்.

சென்ற ஞாயிறன்று நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சந்தித்தோம். 23 பேரில் ஒன்பது பேர்தான் வர முடிந்தது. மேலூர் விவசாயி வந்திருந்தார். ஒருபோகக் குறிப்பைத் திரும்ப எழுதித் தரக் கேட்டோம். எழுதியது அவ்வளவும் நினைவில்லை என்றார்.

எங்களில் 16 பேரின் சந்தா தை மாதத்தில் முடிகிறது. அதற்குள், பெயர் போட்டு ஒருவர் எழுதிய பதிலை எதிர்பார்க்கிறோம். தானியங்கிப் பதில்கள் ஏற்கெனவே மூன்று வந்துவிட்டன.

இப்படிக்கு,
வாசிப்புக் குழுவினர் சார்பாக ஓர் ஆசிரியர்,
ஒத்தக்கடை, மதுரை.