டியூ (ஸ்டாம்ப் குறைந்ததற்குப் பெறுநர் கட்டவேண்டிய தொகை) விழுந்த புத்தகக் கட்டுகளை எங்களுக்குச் சொல்லாமலே திருப்பி அனுப்புவதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஊர்ப் படிப்பகம், பழைய ரேஷன் கடைக் கட்டடம், ஏரிக்கரைத் தெரு.

பெறுநர்:
உயர்திரு அஞ்சல் கண்காணிப்பாளர் அவர்கள்,
கோட்ட அலுவலகம்.

பொருள்: அஞ்சல் தலை குறைவாக ஒட்டப்பட்ட புத்தகக் கட்டுகள் – பெறுநருக்கு அறிவிக்காமலே "வாங்க மறுத்தார்" என எழுதித் திருப்பப்படுதல் – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. துணை அஞ்சலகத்தில் நேரில் கொடுத்த மனு (ஒப்புகை தரப்படவில்லை).
2. தங்கள் அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிய மனு (சேர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது, பதில் வரவில்லை).
3. இணையவழிக் குறைதீர் தளத்தில் செய்த புகார் ("தீர்வு காணப்பட்டது" என்று முடித்து வைக்கப்பட்டது. என்ன தீர்வு என்று அதில் இல்லை).

ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தங்களுக்குப் புதிதல்ல. செல்வமகள் சேமிப்புக் கணக்கு முகாமுக்குத் தாங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது எதிரிலிருக்கும் எங்கள் படிப்பகத்தையும் எட்டிப் பார்த்தீர்கள். குரூப் 4 தேர்வுக்கும் காவலர் தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகள் அன்றும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் வெளியூர் அன்பர்கள் தபாலில் அனுப்பித் தந்த பழைய புத்தகங்கள். விலை கொடுத்து வாங்க எங்களுக்கு வசதி இல்லை. மாதம் பத்து ரூபாய் சந்தாவில் கரண்ட் பில் கட்டவே சரியாகிவிடுகிறது.

புத்தகம் அனுப்ப மலிவாக இருந்த பதிவு புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனது. அதற்குப் பதிலாக 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கான ஞான் போஸ்ட் சேவை வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. நல்ல திட்டம்தான், அதில் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் புத்தகம் அனுப்புகிறவர்களில் பலர் வயதானவர்கள். எது நின்றது, எது வந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பழைய வழக்கப்படி சணல் போட்டுக் கட்டி, வீட்டிலிருக்கும் ஸ்டாம்பை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் கஷ்டம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

1. ஸ்டாம்ப் குறைந்தால், குறையும் தொகையின் இரு மடங்கைப் பெறுநரிடம் வாங்கிக்கொண்டு தபாலைக் கொடுப்பது வெகுகாலமாக உள்ள நடைமுறை. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. முன்பு கட்டியிருக்கிறோம், இனியும் கட்டுவோம்.

2. எந்தக் கணக்கில் கட்டவேண்டும் என்பதுதான் புரியவில்லை. 300 கிராம் கட்டு ஒன்றில் 20 ரூபாய்க்கு ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால், ஞான் போஸ்ட் கணக்கில் வரித் தொகை மட்டுமே குறையும். இரு மடங்கு போட்டாலும் சில்லறைதான். அதையே கடிதமாக வைத்து 20 கிராமுக்கு 5 ரூபாய் என்று போட்டால் 75 ரூபாய் ஆகிறது. 55 குறைகிறது, டியூ 110 ரூபாய். பெட்டியில் போட்டது ஞான் போஸ்ட் ஆகாது, கவுண்டரில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னார்கள். அது நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் ஒரே மாதிரி கட்டுக்கு ஒரு மாதம் ஒரு தொகையும் அடுத்த மாதம் வேறு தொகையும் கேட்பது எப்படி? கட்டின் மேல் எடையும் எழுதுவதில்லை, குறைந்த தொகையும் எழுதுவதில்லை. பேனாவால் ஒரு எண், அதைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான்.

3. டியூ விழுந்த கட்டு எங்கள் கிளை அஞ்சலகத்துக்கு வருவதே இல்லை, துணை அஞ்சலகத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அங்கே போக மினி பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்பது தாங்கள் அறிந்ததே. பாலம் வேலை தொடங்கியதிலிருந்து அந்தக் காலை பஸ்ஸும் நிச்சயமில்லை. எங்கள் கிளை போஸ்ட்மாஸ்டர் அம்மா சேமிப்புக் கணக்குக்குப் பணம் வாங்குகிறார், கைக்கருவியில் பதிவு செய்கிறார், முதியோருக்கு வீட்டுக்கே போய்ப் பணம் கொடுக்கிறார். ஆயிரக்கணக்கில் நம்பிக் கொடுக்கிற துறை, முப்பது ரூபாய் டியூவை அவர் கையால் வசூலிக்கச் சொல்லக்கூடாதா?

4. ஐயா, மேலே சொன்னதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. இந்த மனுவை எழுத வைத்தது வேறு.

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம்முடைய இலக்கணப் புத்தகங்களையும் அகராதி ஒன்றையும் எங்களுக்கு அனுப்பினார். காலமெல்லாம் வகுப்பு எடுத்தபோது ஓரத்தில் குறிப்பெழுதி வைத்த புத்தகங்கள். பிள்ளைகள் யாரும் தமிழ் படிக்கவில்லை, உங்களிடமாவது இருக்கட்டும் என்று முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தார். நாங்கள் காத்திருந்தோம். கிளை அஞ்சலகத்தில் கேட்டோம், வரவில்லை என்றார்கள். அந்த அம்மா மேல் தப்பில்லை, அவர் கைக்கு அது வரவே இல்லை. துணை அஞ்சலகத்துக்குப் போன் செய்தோம். சாதாரணத் தபால், எண் இல்லை, தேட முடியாது என்றார்கள்.

கட்டு அங்கேதான் கிடந்திருக்கிறது. டியூ இருக்கிறது என்று ஒரு சீட்டு இல்லை. படிப்பகத்தின் போன் நம்பரை ஆசிரியர் கட்டின் மேலேயே எழுதியிருந்தும் ஒரு அழைப்பு இல்லை. சில நாள் வைத்திருந்துவிட்டு, "வாங்க மறுத்தார்" என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். அவர் ஊரில் அவரிடமே டியூ கேட்டிருக்கிறார்கள். அவர் கட்டி, தம் புத்தகத்தைத் தாமே வாங்கிக்கொண்டு, எங்களுக்கு ஒரு தபால் அட்டை எழுதினார். "வேண்டாம் என்றால் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்." அந்த ஐம்பது பைசா அட்டை மட்டும் தாமதமில்லாமல் வந்து சேர்ந்தது.

யார் மறுத்தது ஐயா? எங்களில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் மறுத்தோம்? 1898-ஆம் வருடத்துப் பழைய அஞ்சல் சட்டத்தில்கூட, டியூ உள்ள தபாலைப் பெறுநர் பிரிக்காமல் உடனே திருப்பிக் கொடுத்தால்தான் அவருக்குப் பொறுப்பில்லை, பிறகு அனுப்பியவர் கட்டவேண்டும் என்று இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் முதலில் கையில் கொடுத்திருக்க வேண்டாமா? இப்போது 2023-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. புதிய சட்டத்தில் கண்ணில் காட்டாமலே மறுப்பு எழுதலாம் என்று இருந்தால் அந்த இடத்தைக் காட்டுங்கள், நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம்.

அவருக்குப் போன் செய்து விளக்கினோம். "பரவாயில்லை, விடுங்கள்" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஓசியில் கேட்டுவிட்டு டியூ என்றதும் கைகழுவியவர்கள் என்ற பெயர் எங்களுக்கு. முப்பதோ நாற்பதோ ரூபாய்க்கு!

5. அனுப்புநர் முகவரி சரியாக இல்லாத கட்டு திரும்பிப் போகவும் வழியில்லாமல் சென்னை ஆர்.எல்.ஓ.வுக்கு (கொடுக்கவும் திருப்பவும் முடியாத தபால்கள் போய்ச் சேரும் அலுவலகம்) போய்விடும். அப்படி எத்தனை போனதோ, எங்களுக்கு எப்படித் தெரியும்?

6. புகார் எண் கேட்டால் சாதாரணத் தபாலுக்கு எண் இல்லை என்கிறார்கள். எண் இல்லாத தபாலுக்கு டியூ போட மட்டும் முடிகிறது.

7. டாக் அதாலத்துக்கு (அஞ்சல் குறைதீர் கூட்டம்) மனு கொடுங்கள் என்றார்கள். கொடுக்கிறோம். அதுவரை வருகிற கட்டெல்லாம் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கட்டுமா?

வார்த்தை கடுமையாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். கேட்பது பெரிதில்லை ஐயா. எங்கள் பெயருக்கு டியூ விழுந்தால் எடை, ஒட்டிய தொகை, குறைந்த தொகை மூன்றையும் எழுதிய சீட்டு ஒன்று கிளை அஞ்சலகம் வழியாக வரவேண்டும். முடிந்தால் கட்டையே அனுப்பி, பணத்தை அங்கேயே வாங்கிக்கொள்ள உத்தரவிட வேண்டும். வைத்திருக்கும் நாள் கணக்கைச் சீட்டு எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். எங்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டு "வேண்டாம்" என்று எழுதித் தந்தாலொழிய "மறுத்தார்" என்று யாரும் எழுதக்கூடாது. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்து கொடுங்கள். மறுக்காதவர்களை மறுத்தவர்களாக்க வேண்டாம்.

ஞான் போஸ்ட் கட்டண விவரத்தைக் கிளை அஞ்சலகச் சுவரில் தமிழில் ஒட்டினால் உதவியாக இருக்கும். ஒட்டப் பசையும் ஆளும் நாங்களே தருகிறோம்.

ஆசிரியர் அந்தக் கட்டை மறுபடி அனுப்பச் சம்மதித்திருக்கிறார். இந்த முறை கவுண்டரில் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறோம். வயதானவர், வழக்கம்போல் பெட்டியில் போட்டாலும் போட்டுவிடுவார். அப்படி வந்தால், டியூ எவ்வளவானாலும் சரி, திருப்பாமல் வைத்திருந்து எங்களுக்கு ஒரு போன் செய்யும்படி துணை அஞ்சலகத்துக்குத் தாங்கள் இன்றே சொல்லிவைக்க வேண்டுகிறோம். அன்றைக்கே வந்து பணம் கட்டி எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
(கையொப்பங்கள் பின்பக்கம்)

இணைப்பு: ஆசிரியரின் தபால் அட்டை நகல், "வாங்க மறுத்தார்" என்று எழுதப்பட்ட மேலுறையின் புகைப்படம், முந்தைய மனுக்களின் நகல்கள்.