கோடைக்காலத் தூண்டில்: உறுப்பினர்களின் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சித்திரை, வைகாசி வெயிலில் தாமிரபரணியின் ஓட்டம் மெலிந்து, சேரன்மாதேவிக்குக் கீழே தேங்கிய இடங்களில் தண்ணீர் சூடேறிவிடுகிறது. 20 பாகை செல்சியசில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 பாகையில் ஏழரை மில்லிகிராமாக இறங்கிவிடுவதால், உச்சிவெயிலில் பிடித்து, திரும்ப ஆற்றில் விடும் மீன் பிழைத்துத் தேறுவது கடினம். விடியற்காலையிலும் பொழுது சாயும் வேளையிலும் மட்டும் தூண்டில் போடுங்கள்.

இளம்பருவத்தைக் கல்லடியில் கழித்து, அந்தியில் சிறகு விரித்து நீர்மேல் எழுந்து, ஓரிரு நாளில் மடிந்துபோகும் மென்சிறகுப் பூச்சிகளை, பாறைகளுக்கிடையே நீர் நுரைத்தோடும் இடங்களில் தேடுங்கள். அங்கே மீன் மேலெழுந்து வாய் வைப்பதைப் பார்த்த பிறகே, அப்பூச்சியின் அளவிலேயே தூண்டில் முள்ளில் கட்டிய செயற்கைப் பூச்சியை ஓட்டத்தின் மேற்புறமிருந்து இழுக்காமல் மிதக்கவிட வேண்டும். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிப்போர் கையாளும் இம்முறை நம் ஆற்றுக் கெண்டைக்கும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

பாபநாசம் படித்துறையில் பக்தர்கள் பொரி இடும் மீன்களை யாரும் தொடக்கூடாது. முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் தூண்டிலுடன் செல்லக்கூடாது. ஜூனில் மலையில் சாரல் பிடித்ததும் நீர்மட்டம் திடீரென உயரக்கூடும் என்பதால், ஆற்றின் நடுப்பாறைகளில் நிற்பதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.